நோகும் இடத்தைச் சொன்ன செவ்வாய்க்கிழமை

என் இடது கால் செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியாது. வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடந்து, அந்தப் பக்கம் ஏறி, இருபது அடி நடந்த பிறகு பின்னால் வந்த ஒரு பெண்மணிதான் சொன்னார்.

"அண்ணே, செருப்ப விட்டுட்டு வாறீங்க."

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. நடுப்பகல் வெயிலில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சூடு தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் வீதியின் நடுவில் என் செருப்பு தனியாகக் கிடக்கிறது. ஒரு பஸ் அதை மிதிக்காமல் ஒதுங்கிப் போனது. கொழும்பில் எந்த பஸ்ஸும் எனக்கு அந்த மரியாதையைத் தந்ததில்லை.

சிரித்துக்கொண்டுதான் அந்தப் பெண்மணிக்கு நன்றி சொன்னேன். செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு கடை வாசல் தூணைப் பிடித்து நின்றேன். என் கால் என்னிடம் சொல்லாமல் என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் யூலை மாதம் அது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு பயம்தான்: என்னைத் தூக்கிக்கொண்டு போய் இருத்தி, தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைக்கும் நாள் வரப்போகிறது.

இதை எழுதித் தரும்படி பாதர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் தட்டிக்கழித்தேன். சாட்சி சொல்கிறவர்கள் பெரும்பாலும் பெரிய பாவிகளாக இருந்து திருந்தியிருப்பார்கள். என்னிடம் அந்த அளவுக்குச் சரக்கு இல்லை. ஆனால் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பாவம்தான் என்று மனைவி பிலோமினா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் பாதர் சொன்னதற்கு மேல்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் இருபத்திரண்டு வருடம் இராணுவத்தில் இருந்து இளைப்பாறியவன். கொட்டாஞ்சேனையில் தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை இரண்டு பக்கமும் நிறையவே கேட்டுவிட்டார்கள். நான் துவக்குத் தூக்கியவன் இல்லை. பேண்ட் வாத்தியக் குழுவில் சூசபோன் வாசித்தவன். சூசபோன் என்பது பித்தளையில் செய்த மலைப்பாம்பு. அதைக் கையில் பிடிக்க முடியாது, உடம்பில் அணிந்துகொள்ள வேண்டும். உடம்பைச் சுற்றி வந்து இடது தோளில் ஏறி, தலைக்கு மேலே பெரிய அண்டா மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பாரம் முழுக்க இடது தோளிலும் முதுகெலும்பிலும்தான். சண்டை நடந்த வருடங்களில் எங்களுக்கு அணிவகுப்பைவிட மரண வீடுகள்தான் அதிகம். ஒரே கிழமையில் நான்கு சவப்பெட்டிகளுக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். அந்தத் தாய்மாரைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுக்கு முன்னால் என் முதுகு நோவதாகச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை, அவ்வளவுதான்.

முகாமில் சுகமில்லாதவர்கள் காலையில் தனி வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு 'சிக் ரிப்போர்ட்' என்று பெயர். அந்த வரிசையில் நிற்கிறவனை மற்றவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்குக் காய்ச்சல் எவ்வளவோ மேல். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவன் என்று பெயர் வந்துவிடும். எங்கள் குழுவில் நான் ஒருவன்தான் தமிழன். மற்றவன் 'முதுகு நோகுது' என்றால் அது ஒரு முதுகின் பிரச்சினை. நான் சொன்னால் அது வேறு ஒரு பிரச்சினையாகிவிடும் என்று பயந்தேன். அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானே நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அந்த வரிசையில் நிற்கவில்லை. அதை ஒரு பதக்கம்போல மனதில் குத்திக்கொண்டு திரிந்தேன்.

இளைப்பாறிச் சில வருடங்களில் நோவு தொடங்கியது. முதலில் இடுப்பில். பிறகு இடது தொடையின் பின்பக்கம் ஒரு மின்சாரக் கம்பியை உருவி இழுப்பதுபோல. ஓய்வுபெற்ற படையினருக்கு என்று இருக்கும் கிளினிக் ஒன்றுக்குப் போகத் தொடங்கினேன். விடிவதற்கு முன் போய் நம்பர் எடுக்க வேண்டும். மரவாங்கில் நாலு மணித்தியாலம் இருக்க வேண்டும். முதுகு நோகிறவர்களுக்காக அந்த வாங்கைச் செய்தவன் நிச்சயமாக முதுகு நோகாதவன். ஒவ்வொரு மாதமும் வேறு வேறு டொக்டர். பெல்ட் போடச் சொன்னார் ஒருவர். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார் அடுத்தவர். வயது என்றார் ஒருவர். உடம்பைக் குறைக்கச் சொன்னார் இன்னொருவர், அவருடைய பெல்ட் கடைசி ஓட்டையில் இருந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கேட்டேன். அவசரமில்லை என்று எட்டு மாதம் தள்ளி நாள் கொடுத்தார்கள். அந்த நாளில் மெசின் பழுது. அடுத்த நாள் கொடுக்க ஆள் லீவு.

வீட்டுக்கு வந்து நான் பேசிய பேச்சுகளை யாராவது ஒலிப்பதிவு செய்திருந்தால் இந்த நாட்டின் சுகாதாரத்துறை வெட்கத்தில் மூடப்பட்டிருக்கும். வாசித்த புத்தகங்களிலிருந்தெல்லாம் வசனங்கள் எடுத்து வைத்தேன். நாட்டுக்காகச் சுமந்த முதுகைப் பற்றி ஒரு கடிதம், ஜனாதிபதிக்கு எழுதி, கிழித்து, மறுபடி எழுதினேன். பிலோமினா மீன் துப்புரவாக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

"எனக்கு முன்னால வேதத்தில வாற யோபு மாதிரிப் புலம்புறீங்க" என்றாள் ஒரு நாள். "டொக்டருக்கு முன்னால என்ன சொல்லுறீங்க எண்டு எனக்குத் தெரியாது. உள்ளுக்கு என்னை விடுறாங்க இல்லையே."

"உள்ளதைத்தான் சொல்லுறேன்" என்றேன்.

அது பொய் என்று எனக்கே அப்போது தெரியாது.

பிலோமினாவின் அக்கா சொல்லித்தான் வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் சிறிய பிசியோதெரபி நிலையத்துக்குப் புதன்கிழமைகளில் போகத் தொடங்கினேன். செருப்பு கழன்றது அங்கே போகிற வழியில்தான். அந்தப் புதனுக்கு அடுத்த செவ்வாய் நவநாள் தொடங்கினேன். ஒன்பது செவ்வாய், அந்தோனியாரின் பரிந்துரையை வேண்டி. இடுப்பு ஒத்துழைக்காவிட்டாலும் முழந்தாளில்தான் நிற்பேன் என்று பிடிவாதம். வாங்கில் இருந்து செபிப்பது சிக் ரிப்போர்ட் போவதுபோல எனக்குப் பட்டது.

என் செபம் எப்படி இருந்தது தெரியுமா? மேலதிகாரிக்கு அறிக்கை கொடுப்பதுபோல. ஆண்டவரே, வீட்டில் எல்லாரும் நலம். பிள்ளைகள் நலம். உமக்கு நன்றி. அந்த டொக்டர்மாருக்கு மட்டும் கொஞ்சம் புத்தி கொடும். ஆமென். ஆறு செவ்வாய் இதையே சொன்னேன். டொக்டர்மாருக்குப் புத்தி வந்ததற்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை. அந்தோனியார்மேல்கூட எனக்கு மெல்லிய மனத்தாங்கல் வந்தது. மற்றவர்களுக்குத் தொலைந்த சங்கிலி, தொலைந்த பாஸ்போர்ட் எல்லாம் தேடிக் கொடுக்கிறாரே என்று.

ஆகஸ்ட் மாதம் இன்னொரு விசயம் தொடங்கியது. இதை எழுத எனக்குக் கூச்சம். ஆனால் இதை எழுதாவிட்டால் இந்தச் சாட்சிக்கு அர்த்தமில்லை. சிறுநீர் போகும் உணர்வு எனக்கு மங்கத் தொடங்கியது. போய் நின்றால் வராது. நினைக்காத நேரத்தில், தெரியாமல், உடுத்திருக்கும் சாரம் நனைந்திருக்கும். இரண்டு தொடைகளுக்கும் இடையில் மரக்கட்டை மாதிரி ஒரு மரத்த தன்மை. நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அவள் எழும்ப முன் எழும்பி என் சாரத்தை நானே தோய்த்துக் கொடியில் போட்டேன். முப்பது வருடத்தில் ஒரு உள்பெனியன்கூடத் தோய்க்காத மனிதன். பிலோமினா அதை நவநாளின் முதல் அற்புதம் என்று அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிமிடம்போல நான் தனியாக இருந்ததில்லை.

ஏழாவது செவ்வாய். நவநாள் முடிந்து, ஆசீர் முடிந்து, எல்லாரும் போய்விட்டார்கள். என்னால் எழும்ப முடியவில்லை. முழந்தாள் இரண்டும் பலகையோடு ஒட்டிக்கொண்டதுபோல. கையால் முன் வாங்கைப் பிடித்து உன்னிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே இருந்து ஒரு பதிலும் வரவில்லை. கோவில் கதவு பூட்டுகிறவர் திறப்புக் கோர்வையோடு தூரத்தில் நின்று என்னைப் பார்த்தார். பெரிய பக்திமான் என்று நினைத்திருப்பார். மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டு மற்றப் பக்கக் கதவுகளைப் பூட்டப் போனார்.

அப்போதுதான் அது வந்தது. வசனம் இல்லை, ஒழுங்கு இல்லை.

"ஆண்டவரே, நோகுது. கால் தெரியவில்லை. சாரத்தை நனைக்கிறேன். பயமாக இருக்கு."

சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அழுகை வந்தது. ஐம்பத்தாறு வயது மனிதன், மீசையோடு, மூக்கு வழிய. டொக்டர்மாரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை காலமும் நான் ஆண்டவரிடம் மற்றவர்களுடைய குறையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். என்னுடைய நோவைப் பற்றி அவரிடம் அன்றுதான் முதன்முதலாகக் கதைத்தேன்.

கதவு பூட்டுகிறவர் வந்து கக்கத்தில் கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார். த்ரீவீலர் பிடித்துத் தந்தார். வீட்டில் பிலோமினாவிடம், களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஆண்டவரிடம் சொல்லத் தைரியம் வந்துவிட்டது. பிலோமினாவிடம் சொல்ல இன்னும் வரவில்லை.

அடுத்த நாள் புதன். போகாமல் விடத்தான் நினைத்தேன். கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் யாரோ சொல்லி, முந்தின நாள் நான் எழும்ப முடியாமல் இருந்த கதை பிலோமினாவின் காதுக்கு வந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் இரகசியம் ஒரு நாளைக்கு மேல் தங்காது. அவள் என்னை த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தாள்.

வழக்கமாகப் பார்க்கிற பிசியோ தம்பி அன்று வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு பெண் இருந்தார். செல்வமலர் என்று பெயர், நாற்பதை நெருங்கும் வயது, ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவர். என்னைப் படுக்கச் சொல்லவில்லை. பெல்ட்டைக் கழற்றச் சொல்லவில்லை. புது ஆள் என்றபடியால் என் கிளினிக் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

அந்தப் புத்தகத்தை நான் ஒரு வருடமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிந்தேன். என் வீட்டில் மூன்று அலுமாரி புத்தகங்கள் இருக்கின்றன. நான் வாசிக்காத ஒரே புத்தகம் அதுதான். டொக்டர் எழுத்து யாருக்கு விளங்கும் என்று விட்டுவிட்டேன்.

செல்வமலருக்கு விளங்கியது. பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சேர், இந்தப் பொஸ்தகத்துல இருக்கிறது நீங்கதானா?"

"ஏன் மிஸ்?"

"மாசா மாசம் ஒரே மாதிரிதான் எழுதியிருக்காங்க. நோயாளி நல்லா இருக்காரு. புதுசா முறைப்பாடு ஒண்ணும் இல்ல. வலி கொறஞ்சிருக்கு. போன மாசமும் அதேதான். உள்ள வரும்போது நீங்க சுவத்தப் பிடிச்சிக்கிட்டு வந்தீங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எவன் எழுதிய பொய் இது என்று கேட்டேன். ஒரு வருடமாக என்னைப் பார்க்காமலே எழுதியிருக்கிறான்கள் என்றேன். ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில் பாதி அங்கேயே வந்துவிட்டது.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டொக்டர் வந்து எப்படி இருக்குன்னு கேட்டா நீங்க என்ன சேர் சொல்லுவீங்க?" என்றார்.

சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கே கேட்டது. கிளினிக் டொக்டர்மார் எல்லாரும் சீருடையில் இருப்பவர்கள். மேஜர், கேப்டன், தோளில் நட்சத்திரங்கள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து "கொஹொமத?" என்று, எப்படிச் சுகம் என்று, சிங்களத்தில் கேட்பார்கள். என் குதிகால்கள் தானாகவே ஒன்றோடு ஒன்று சேரும். முதுகு, அந்த முதுகுதான், நிமிரும். "ஹொந்தாய் சேர்" என்பேன். நல்ல சுகம் சேர். இருபத்திரண்டு வருடமாக அதிகாரி கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் வேறு பதில் சொன்னதில்லை. அவர்கள் நான் சொன்னதை எழுதியிருக்கிறார்கள். இரண்டு நிமிடம்தான் பார்த்தார்கள், அது உண்மை. வாங்கில் நாலு மணித்தியாலம் இருத்தினார்கள், அதுவும் உண்மை. இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தையும் நான் வீணாக்கினேன். ஒவ்வொரு மாதமும் விடியப்புறம் எழும்பிப் போய், நான் சுகமாக இருக்கிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பிலோமினா கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வமலர் அடுத்த கேள்வியைக் கேட்டார். ஒண்ணுக்குப் போறதுல ஏதும் கஷ்டம் இருக்கா, அந்த இடத்துல மரத்த மாதிரி இருக்கா என்று. குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை, சாப்பிட்டீங்களா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

முந்தின நாள் கோவிலில் சொல்லியிராவிட்டால் அன்றும் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு தடவை வாய் திறந்து பழகிவிட்டதால் மறுதடவை வந்தது.

"ஓம்" என்றேன். "மூண்டு கிழமையா. உணர்ச்சி இல்லை. எனக்குத் தெரியாமலே போகுது."

பிலோமினா எழும்பி நின்றாள். "அப்ப அந்தச் சாரமெல்லாம்..." என்றாள். வந்து என் தோளில் கை வைத்தாள். சூசபோன் ஏறி இருந்த அதே தோள்.

செல்வமலர் என் காலை ஊசியால் தொட்டுப் பார்த்தார். பெருவிரலைத் தூக்கச் சொன்னார். நான் தூக்கினேன், விரல் கேட்கவில்லை. அவர் முகம் மாறியது. இது பிசியோ பண்ணுற விசயம் இல்ல சேர், வீட்டுக்குப் போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, இன்னிக்கே என்றார். முதுகெலும்பின் அடியில் நரம்புக் கட்டு நசுங்கிக்கொண்டிருக்கலாம் என்று விளக்கினார். ஒரு கடிதம் எழுதினார். அதோடு விடாமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போன் பண்ணிச் சொன்னார். எட்டு மாதம் எனக்குக் கிடைக்காத ஸ்கேன் அன்று பின்னேரம் கிடைத்தது. இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையில் இருந்த தட்டு பிதுங்கி வந்து நரம்புகளை நெரித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை சத்திரசிகிச்சை.

அறைக்குள் கொண்டுபோக முன் பிலோமினா என் நெற்றியில் சிலுவை போட்டாள். எனக்குப் பெரிய செபம் ஒன்றும் வரவில்லை. பயமாக இருக்கு ஆண்டவரே, என்னோடு இரும் என்றேன். அதற்கு மேல் அறிக்கை எதுவும் கொடுக்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அதைச் சொன்னதும் பயம் பாதியாகக் குறைந்துவிட்டது. சொல்லாத பயம்தான் வளரும்போல.

கண் விழித்தபோது சத்திரசிகிச்சை செய்த டொக்டர், ஒரு சிங்களப் பெண், கட்டிலின் கால்மாட்டில் நின்று என் இடது பெருவிரலை அசைக்கச் சொன்னார். அசைத்தேன். கொஞ்சம்தான். ஒரு எறும்பு திரும்பிப் படுத்த அளவு. அவர் சிரித்தார். இன்னும் சில நாள் போயிருந்தால் இது சக்கர நாற்காலிக் கதையாகியிருக்கும் என்றார். பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். முதுகு, தையல், தொண்டை வறட்சி, தலையணையின் உயரம், வார்டில் தந்த தேத்தண்ணி, எல்லாம் சொன்னேன். இடையில் ஒரு தடவை அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. ஒரு வருடப் பாக்கி இருந்தது.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். சிறுநீர் விசயம் சரியாகி வர ஆறு கிழமை எடுத்தது. சரியான அன்று காலை பிலோமினா செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றாள். அதைவிடப் பக்தியான காட்சியை நான் பார்த்ததில்லை. இடது பாதத்தின் விளிம்பில் இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறது. பொல்லு ஒன்றோடு நடக்கிறேன். மீதி இரண்டு செவ்வாயும் முடித்து நவநாளை நிறைவேற்றினேன், வாங்கில் இருந்துகொண்டு. நான் இருந்து செபித்ததால் வானம் இடிந்து விழவில்லை.

இதில் அற்புதம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பெண் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார், அவ்வளவுதானே என்று. கிளினிக் வாங்கில் இருந்து பழகியவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். வழக்கமான ஆள் வராத அந்தப் புதன், கேட்கத் தெரிந்தவர் அங்கே இருந்தது, அதற்கு முந்தின நாள்தான் எனக்கு வாய் திறந்தது, இந்த மூன்றையும் சேர்த்து வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். டொக்டர்மாரை மாற்றும்படி கேட்டேன். அவர் என்னை மாற்றினார். அது அவருக்கு அதிக வேலை வைத்திருக்கும்.

இப்போது மாதத்தில் ஒரு நாள் அந்தக் கிளினிக்குக்கு நான் வேறு வேலையாகப் போகிறேன். நானும் படையில் இருந்தவன் என்றபடியால் விடுகிறார்கள்; பழைய சிப்பாய்கள் சிலரோடு உள்ளே போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குக் காது, ஒருவருக்கு நித்திரை இல்லை. டொக்டர் கேட்டதும் அவர்கள் நிமிர்கிறார்கள். நான் மெதுவாகத் தோளைத் தொடுகிறேன். போன மாதம் ஒருவர் டொக்டருக்கு முன்னால் பதினைந்து நிமிடம் கதைத்தார். வாசலில் காத்திருந்த அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வாங்கில் இன்னும் முப்பது பேர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்கும் ஓர் இடத்தில் நோகிறது என்றால், உடம்பிலோ வீட்டிலோ மனதிலோ, வருகிற செவ்வாய் கோவிலுக்கு வாருங்கள். முழந்தாளில் நிற்க முடியாவிட்டால் வாங்கில் இருங்கள். நன்றி, நலம், மற்றவர்களுடைய குறை எல்லாவற்றையும் பிறகு சொல்லலாம், அவருக்கு நேரம் இருக்கிறது. முதலில் நோகும் இடத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்கிறார், நான் சாட்சி. சொல்லி முடித்த பிறகு, தயவுசெய்து, மறுநாள் காலை போய் ஒரு டொக்டரிடமும் அதையே சொல்லுங்கள்.